எட்டாவது கப்பல்

அத்தியாயம் 6

அரெல்லியஸ் வீட்டு முற்றத்தில் விடிந்ததிலிருந்து மரம் அறையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரோமர்களின் துறைமுகமான புத்தேயோலியில் பிணம் எடுக்கும் குத்தகை யாரிடம் இருக்கிறதோ, அடிமைகளைக் கட்டிவைத்து விசாரிக்கும் வேலையும் அவரிடம்தான். கம்பம், கயிறு, சவுக்கு, ஆள் எல்லாம் அவர் பொறுப்பு. கொத்தனாருக்குச் சொல்லியனுப்புவதுபோல வீட்டுக்காரர் சொல்லியனுப்பினால் போதும். குத்தகைக்காரரின் மேஸ்திரி நான்கு ஆட்களோடு வந்து இரண்டு கம்பங்களை நட்டுவிட்டான். மூன்றாவதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

லெபோஸ் வாசலைத் தாண்டியதும் நின்றான்.

"என்ன, திராட்சைப் பந்தலா?" என்றான்.

மேஸ்திரி நிமிரவில்லை. "ஆமா. கொடி சரக்கறையில இருக்கு. பத்தொம்போது. உச்சிப்பொழுதுக்குப் படர விடணும்."

"மண்ணு சரியில்லையே. கம்பம் ஆடுதே."

"நீ ஏறிப் பாரு. ஆடுதா இல்லையான்னு சொல்லு."

"இந்த வீட்டுல நான் ஏற்கெனவே ஏறியாச்சு. இருபது அடி. ஒரு விளக்கைத் தப்பா வச்சதுக்குச் சவுக்கடி."

"விளக்குக்கே இருபதுன்னா," மேஸ்திரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டான், "எசமானுக்கு எத்தனைன்னு நீயே பாத்துக்க."

லெபோஸ் மேடையில் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துவைத்தான். பத்து வருடம் இந்த வீட்டில் அடிமையாகப் பந்தி பரிமாறியவன். ஒரு விருந்தில் அவன் அடித்த கேலியில் விழுந்து விழுந்து சிரித்த அரெல்லியஸ், குடிவெறியில் விருந்தாளிகள் முன்னாலேயே அவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டார். காலையில் வருத்தப்பட்டாராம். அதற்குள் லெபோஸ் கூத்துக் கம்பெனியில் சேர்ந்து மூன்று ஊர் தாண்டியிருந்தான். அது ஆறு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, நல்ல தொந்தி, துப்பறியும் சிலோவிடம் வேலை. சரக்கறையில் பூட்டப்பட்டிருக்கும் பத்தொன்பது பேரில் ஒருத்தி அவனுடைய அக்கா தல்லூசா.

மூன்று நாளைக்கு முன் மத்தியானத் தூக்க நேரத்தில் அரெல்லியஸ் தன் கண்ணாடி விருந்தறையில் செத்துக் கிடந்தார். பக்கத்தில் வெண்கல விளக்குத் தண்டு. வாசல் வழியாக வெளியாள் யாரும் வரவில்லை என்று காவல்காரன் சொன்னான். அப்படியென்றால் வீட்டாள்தான். எசமானை வீட்டாள் கொன்றால், அந்தக் கூரைக்குக் கீழே இருந்த அத்தனை அடிமைகளையும் வதைத்து விசாரிக்க வேண்டும், பிறகு மொத்தமாகக் கம்பத்தில் ஏற்றிக் கொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்த விசாரணை முடியாமல் செத்தவரின் உயிலை யாரும் பிரிக்கக் கூடாது என்பதும் அதே சட்டம். அதனால்தான் உயிலை எதிர்பார்த்திருந்த தம்பி மகன் புஸ்கஸுக்கு இத்தனை அவசரம்.

நகர நடுவர் செஸ்டிலியஸின் வாசற்படியில் லெபோஸ் ஒரு ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்து வாங்கியது ஒரே ஒரு காலைப் பொழுது. உச்சிக்கு நடுவர் வருவார். அதற்குள் வேறு கொலைகாரனைக் காட்டினால் உண்டு.

சிலோ இதற்குள் முற்றத்தின் மறு ஓரத்துக்குப் போயிருந்தார். சப்பை மூக்கு, ஒல்லி உடம்பு, ஐம்பத்தைந்து வயது. துறைமுகச் சுங்கத்தில் இருபது வருடம் பெட்டி திறந்தவர். மூடிய எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது அவருக்குச் சுபாவம்.

"வேடிக்கை பாத்தது போதும், வா," என்றார். "உன் வாய்க்குச் சம்பளம் தர்றதில்ல நான்."

சரக்கறைக்கு முழங்கால் உயரத்தில் ஒரு கம்பிச் சன்னல் இருந்தது. லெபோஸ் குனிந்தான். உள்ளேயிருந்து வேர்வை நாற்றமும் மீன்சாற்று ஜாடிகளின் நாற்றமும் சேர்ந்து வந்தன.

"அக்கா."

கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் வந்தது. தலை நரைத்திருந்தது.

"ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்க," என்றாள் தல்லூசா. "நல்ல நாளாத்தான் பாத்து வந்திருக்க."

"வாசக்காரன் விடலக்கா. நாலு தடவை வந்து..."

"உன்னை எந்த வாசக்காரன் தடுப்பான்? சிரிப்புக் காட்டி அரண்மனைக்குள்ளயே போவியே நீ. நீ சிரிக்க வச்ச, உன்னை விட்டாங்க. எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியல, தரை துடைச்சிட்டிருந்தேன். இப்ப எதுக்கு வந்த? கம்பத்துக்குக் கீழ நின்னு ஒரு கூத்துப் போடவா?"

சிலோ லெபோஸைத் தள்ளிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"அம்மாவா?" அவள் உள்ளே திரும்பி, "கேட்டீங்களா, என்னை அம்மாங்கறார்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "சந்துப் பக்கச் சுவர் திறந்திருந்துச்சுய்யா. கண்ணாடிப் பலகை ஒவ்வொண்ணும் ஆள் உசரம், அதே அகலம். விருந்தறைக் கதவுல நுழையலைன்னு சந்துச் சுவரை இடிச்சு வழி விட்டாங்க. ஏழு பலகை வந்து மாட்டியாச்சு. எட்டாவதுக்கு விட்ட ஓட்டை அப்படியே கிடந்துச்சு, சாக்குத் தொங்கவிட்டு. அன்னைக்கு மத்தியானம் எசமான் சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனப்பவும் சாக்குதான். அவர் பிணமாக் கிடந்தப்ப போனா, அங்க கண்ணாடி."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"பத்தொம்போது பேரும் சொன்னோம். இப்ப சொன்னாச் செல்லாதாம். கம்பத்துல ஏத்தி அடிச்சப்புறம் சொன்னாத்தான் அடிமை வாக்கு சாட்சியாம்." அவள் கம்பியை விட்டாள். "அப்ப நான் என்ன சொல்லுவேனோ எனக்கே தெரியாது. நிறுத்தச் சொல்லி எதை வேணா சொல்லுவேன்."

முகம் இருட்டுக்குள் போய்விட்டது.

சிலோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "அடிக்காமலே பேசற சாட்சி ஒண்ணு வேணும்."

"மிச்சம் இருக்கறது சுவர்தான்ணே."

"அதுகிட்டதான் போறோம்."

விருந்தறைக் கதவில் புஸ்கஸ் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது. ரோமில் பேச்சுக்கலை படித்துவிட்டுப் பெரியப்பாவின் தானியக் காசில் நான்கு மாதமாக இந்த ஊரில் வேறு வீட்டில் தங்கியிருப்பவன். அவன் போட்டிருந்த கறுப்புத் துக்க உடை புத்தம் புதியது.

"நடுவர் உங்களை அனுப்பினார்ங்கறதால உள்ள விடறேன்," என்றான் சிலோவிடம். "இந்த நாய் எதுக்கு? ஒரு தடவை இந்த வீட்டுத் தட்டை நக்கினவன் மறுபடி வாசனை பிடிச்சு வந்துட்டானா?"

"தட்டுல ஒண்ணுமே மிச்சம் இருக்காதுங்க," என்றான் லெபோஸ். "அந்தப் பழக்கம் மாறிடுச்சான்னு பாக்க வந்தேன்."

"சுவரைத் தொட்டா கையை ஒடிப்பேன்."

"தொட மாட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது."

அது வெறும் கேலி இல்லை. இடுப்பு உயரத்திலிருந்து கூரை வரை இரு பக்கச் சுவரும் கண்ணாடி. தோட்டத்து வெளிச்சம் கதவு வழியே தாழ்வாக நுழைந்து பட்டதில் சுவர்கள் ஈரமாக இருப்பதுபோலத் தெரிந்தன. கருநீலக் கடல். அதில் நகத்தளவு துண்டுகளை ஒட்டிச் செய்த மீன்கள். ஒவ்வொன்றின் கண்ணுக்குள்ளும் மஞ்சள் வளையம், அதற்குள் கறுப்புப் பொட்டு. கதவுக்கு நேரெதிரே, எசமான் சாய்ந்து சாப்பிடும் கட்டிலுக்கு மேலே, கலங்கரை விளக்கும் துறைமுகமும் தீட்டியிருந்தது. இடப்பக்கச் சுவரில் நான்கு பலகை, நான்கு கப்பல். வலப்பக்கச் சுவரில் நான்கு பலகை, நான்கு கப்பல். பாய்கள் பால் வெள்ளை, அடிப்பாகம் தேன் நிறம்.

லெபோஸ் இந்த அறையைக் கண்டதில்லை. அவன் காலத்தில் இங்கே வெறும் காரைச் சுவர். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வலப்பக்கச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முதுகு அரித்தது. ஏனென்று தெரியவில்லை.

சிலோ தரையில் கிடந்த விளக்குத் தண்டைத் தாண்டிக்கொண்டு போனார். அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுதான் கொலை பண்ணினது," என்றான் புஸ்கஸ்.

"அது சும்மா கிடக்குது. கொலை பண்ணினவனைத்தான் தேடறேன். இந்தக் கண்ணாடியை வச்சவரைக் கூப்பிடுங்க."

கண்ணாடிக்காரன் ஹர்போக்ரஸ் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்தவன். எண்ணெய் வழியும் சுருட்டைத் தலை. விரல்களெல்லாம் பழைய பிசின் சூட்டு வடுக்கள். தான் அழைக்கப்பட்டதையே அவமதிப்பாக எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"எனக்கு வேலை கிடக்கு. கேக்கறதைச் சீக்கிரம் கேளுங்க."

"எட்டும் அலெக்சாந்திரியாவிலதான் செஞ்சதா?" என்றார் சிலோ.

"வேற எங்க? இந்த ஊர்லயா?" அவன் உதட்டைப் பிதுக்கினான். "இங்க கண்ணாடித் தெருன்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அங்க புட்டி ஊதலாம். அதுக்கு மேல ஆகாது. இது ஊதற வேலையில்ல. துண்டுகளை மேசையில முகம் கீழ பாக்க அடுக்கணும். முதுகுலதான் காய்ச்சின பிசினை ஊத்திப் பானை ஓடு பதிக்கணும். நிமித்தினா, அடுக்கினதுக்கு இடம் வலமா மாறிடும். அதனால வரைபடத்தைத் திருப்பிப் போட்டு அடுக்கணும். உங்க ஆளுங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது."

"வந்தது எப்படி?"

"ஜோடி ஜோடியா. கண்ணாடி கண்ணாடியைப் பாக்க, நடுவுல வைக்கோல். நாலு பெட்டி."

"தெரியும். சுங்கத்துல என் பழைய சகா சொன்னான். நாலாவது பெட்டியைத் தூக்கினப்ப உள்ள கலகலன்னு சத்தம் கேட்டுச்சாமே."

ஹர்போக்ரஸ் விரல் வடுவைத் தேய்த்தான். "கண்ணாடின்னா சத்தம் வரும்," என்றான்.

"எட்டாவது பலகையை எப்ப வச்சீங்க?"

"சாவுக்கு நாலு நாள் முன்னாடி." பதில் சொன்னது புஸ்கஸ். "நானே பக்கத்துல நின்னேன். பெரியப்பாவும் இருந்தார். வேற என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்," என்றார் சிலோ.

வெளியே வந்து சந்துக்குள் போனார்கள். ஓட்டை இருந்த இடத்தில் செங்கல் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தது. லெபோஸ் கையை வைத்துப் பார்த்தான். சுடச்சுடக் காய்ந்திருந்தது. மலைப்பக்கமிருந்து கந்தக நெடி வீசியது.

"மூணு நாளா, ஏழு நாளான்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கறது? இந்த வெயில்ல ஒரே நாள்ல காஞ்சிடும்."

"இதுல கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப முடிஞ்சுதா?"

சிலோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த அறைக்குள்ள உனக்கு ஒண்ணும் உறுத்தலையா?"

"முதுகு அரிச்சுது."

"ஏன்னு உன் முதுகையே கேளு. என்னைவிட இந்த வீட்டை அதுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"அண்ணே, என் அக்காளைக் கம்பத்துல ஏத்தப் போறாங்க. விடுகதை போடாதீங்க."

"போடலை. நீ சாட்சி. நான் சொல்லிக்கொடுத்துச் சொன்னா அது சாட்சியாகாது."

முற்றத்தில் மரம் அறையும் சத்தம் நின்றிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நடுவர் செஸ்டிலியஸ் அதிகாரக் கோல் ஏந்திய கோல்காரர்கள் இருவர் முன்னால் வர, வேர்த்துக் கொட்டிக்கொண்டு உச்சிக்குச் சற்று முன்பே வந்துசேர்ந்தார். அவரும் கப்பல்காரர், எகிப்துக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையே தானியம் ஏற்றுகிறவர். கம்பங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சிலோவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சுளித்தார்.

"உங்க ஆள் என் வாசப்படியில கிடந்து ஒப்பாரி வச்சதால விட்டேன். என்ன கொண்டுவந்தீங்க?"

"விருந்தறைக்கு வாங்க ஐயா. அங்கதான் இருக்கு."

எல்லோரும் உள்ளே போனார்கள். மேஸ்திரிகூட வேலையில்லாமல் வந்து கதவில் சாய்ந்துகொண்டான்.

"புஸ்கஸ் ஐயா ஒரு விஷயம் சொன்னார்," என்றார் சிலோ. "அதை உங்க முன்னாலயும் சொல்லட்டும். எட்டாவது பலகையை எப்ப வச்சாங்க?"

புஸ்கஸ் மேடைப் பேச்சுக்கு நிற்பதுபோல நின்றான். "சாவுக்கு நாலு நாள் முன்னாடி. பெரியப்பா இந்தக் கட்டில்ல சாஞ்சபடியே ரெண்டு கையும் தட்டினார். 'வீடு நிறைஞ்சுதுடா'ன்னார். அந்த நாலு நாளும் இதுக்குக் கீழதான் சாப்பிட்டார். பேரரசரின் காவல் தெய்வத்து மேல சத்தியம்."

"நீங்க?" சிலோ ஹர்போக்ரஸைக் கேட்டார்.

"அவர் சொன்னதுதான்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சத்தியம்."

"நல்லது. ஐயா, நீங்க கொஞ்சம் அந்தக் கட்டில்ல சாஞ்சுக்கணும். அரெல்லியஸ் சாயற மாதிரி."

"செத்தவன் கட்டில்லயா?"

"ஒரு நிமிஷம்தான்."

நடுவர் முணுமுணுத்துக்கொண்டே இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். கதவுப் பக்கமிருந்து நான்கு கப்பல்கள் பாய் விரித்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன. தம்மை அறியாமல் அவர் முகம் மலர்ந்தது. தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு சுடுதணலில் உட்கார்ந்தவர்போல எழுந்து நின்றார். அபசகுனம் கழியக் கட்டைவிரலை விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு தம் மார்பில் மூன்று முறை துப்பினார்.

"யார்யா இதை இப்படி வச்சது?"

கோல்காரர்களும் அதே பக்கம் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார்கள். கதவிலிருந்த மேஸ்திரி, கம்பமும் கயிறுமாகப் பிழைக்கிறவன், அவனே ஓரடி பின்னால் போனான். ஹர்போக்ரஸ் தலை நிமிரவேயில்லை. அறையில் ஒரே ஒரு ஆள்தான் ஒன்றும் புரியாமல் சுவரையும் மற்றவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது புஸ்கஸ்.

"என்ன?" என்றான். "என்ன இருக்கு அதுல?"

எட்டாவது கப்பல் கதவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எசமானின் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

லெபோஸின் முதுகு இப்போது அரிக்கவில்லை. எரிந்தது.

"என் கப்பல் மூணு இப்ப நடுக்கடல்ல நிக்குது," என்றார் நடுவர். "என் வீட்டுச் சுவர்ல ஒரு கப்பல் வெளிய போச்சுன்னா, நிசக் கப்பல் திரும்பி வராதுன்னு எனக்கு ஒரு வாய் இறங்காது. அன்னைக்கே இடிச்சிருப்பேன். அரெல்லியஸ் இதுக்குக் கீழ நாலு நாள் சாப்பிட்டானா?"

"பெரியப்பாவுக்கு இந்த மாதிரி மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது," என்றான் புஸ்கஸ்.

"கிடையாதா?" லெபோஸ் முன்னால் வந்தான். மேலங்கியைத் தோளிலிருந்து இறக்கித் திரும்பி நின்றான். "ஐயா, நான் இந்த வீட்டுல பந்தி பரிமாறினவன். ஒரு நாள் மேசையில கப்பல் மாதிரி செஞ்ச விளக்கு ஒண்ணை வச்சேன். மூக்கு வாசலைப் பாத்து இருந்துச்சு. அப்ப இவர் பெரியப்பாவோட கோதுமைக் கப்பல் கடல்ல. இருபது அடி. கப்பல் நல்லபடியாத்தான் வந்துசேந்துச்சு. ஆனாலும் தந்த அடியைத் திருப்பி வாங்கிக்கல." தலையை மட்டும் நடுவர் பக்கம் திருப்பினான். "நான் இப்ப சுதந்திர ஆள். என் வார்த்தை அடிக்காமலே செல்லும். இது அடிச்சும் ஆயிடுச்சு."

நடுவர் அந்த முதுகைக் கிட்ட வந்து பார்த்தார்.

"கையளவு விளக்குக்கே இந்தக் கதி," என்றார் சிலோ. "ஆள் உயரப் பலகையைப் பாத்துக் கை தட்டினாராம். ஐயா, அரெல்லியஸ் இந்தக் கப்பலைப் பாக்கவே இல்லை. அவர் உசிரோட இருந்தவரைக்கும் இங்க ஓட்டைதான் இருந்துச்சு. சந்து வழியா ஒருத்தன் வந்தான், கொன்னான், அதே வழியாப் போனான். பிறகு வழியை அடைச்சாங்க. அடைச்சதும் பழி வீட்டுக்குள்ள விழுந்துடுச்சு."

புஸ்கஸுக்கு முகம் வெளுத்தது. ஆனால் படித்த படிப்பு கைகொடுத்தது. விரலை நீட்டினான்.

"அப்படின்னா இவன்தான். வச்சவன் இவன்தானே. என்கிட்டயும் நாள் மாத்திச் சொல்லி ஏமாத்தியிருக்கான். பிடிங்க அவனை."

கோல்காரர்கள் ஹர்போக்ரஸின் இரண்டு தோளையும் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. லெபோஸுக்கே சரியென்றுதான் பட்டது. உடைந்த சரக்கு, கோபக்கார எசமான், கையில் வேலை தெரிந்த ஆள்.

"விடுங்க அவனை," என்றார் சிலோ. "இங்க ரெண்டு பேர் பொய்ச் சத்தியம் பண்ணினாங்க. கப்பல் தப்பா நிக்குதுன்னு ஒருத்தனுக்குத் தெரியும். இன்னொருத்தனுக்கு இப்பவும் தெரியல. தெரிஞ்சவன் தனக்காக அடைச்சிருந்தா இந்தப் பலகையைத் தொட்டிருக்கவே மாட்டான். பத்து செங்கல்லும் ஒரு தட்டு காரையும் போதும். ஊரே பாத்துக் காறித் துப்பற பலகையைக் கொண்டுவந்து மாட்டி, பெரியப்பா ரசிச்சுச் சாப்பிட்டார்னு கதையும் கட்டணும்னா, அதுக்குக் கடலே தெரியாத ஆள் வேணும்."

அப்போதுதான் ஹர்போக்ரஸ் வாயைத் திறந்தான். சிலோவிடமோ நடுவரிடமோ அல்ல. அந்தப் பலகையிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"கடைசிப் பெட்டியில ஒண்ணு உடைஞ்சு வந்துச்சு. பதில் பலகையை இங்க கண்ணாடித் தெருவுல செய்யக் கொடுத்தேன். திருப்பிப் போடாம அடுக்கிட்டானுங்க. பாத்ததும் கொட்டகையில மூடிப் போட்டேன், உடைச்சு மறுபடி செய்யலாம்னு. அன்னைக்கு மத்தியானம் இவர் ஓடி வந்தார். 'ஓட்டையை இப்பவே அடை. பெரியப்பா தூங்கறார், சத்தம் போடாதே. கையில இருக்கறதை வை'ன்னார். உள்ள இருட்டு. சந்துப் பக்கம் நின்னே தள்ளி வச்சோம். நான் சொன்னேன், கப்பல் திரும்பி நிக்குது, வைக்கக் கூடாதுன்னு." அவன் புஸ்கஸைப் பார்த்தான். "'கப்பல்னா கப்பல்தானேடா'ன்னார்."

"பொய்," என்றான் புஸ்கஸ். பேச்சுக்கலையில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான்.

"சாவு தெரிஞ்சதும் ஏன் சொல்லல?" என்று கேட்டார் நடுவர்.

"வாயைத் திறந்தா நீதான் மாட்டுவேன்னார். நான் அயலூர்க்காரன்."

"பத்தொம்போது பேரு," என்றான் லெபோஸ். "மூணு நாளா உள்ள கிடக்காங்க. அது தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்." ஹர்போக்ரஸ் முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தான். "அடிமைங்கதானே."

லெபோஸ் எத்தனையோ வாயாடிகளுக்குப் பதில் சொன்னவன். மேலங்கியை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

கோல்காரர்கள் புஸ்கஸைக் கொண்டுபோனார்கள். வாசலைத் தாண்டும்வரை தான் யாரிடம் பாடம் படித்தவன், ரோமில் யார் யாரைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனான். ஹர்போக்ரஸ் பின்னாலேயே போனான், யாரும் பிடிக்காமல். மேஸ்திரி நடுவரைத் தொடர்ந்து முற்றத்துக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"அப்ப இன்னைக்குக் கம்பத்துல யாருங்க?"

"யாருமில்ல. அவன் ரோமக் குடிமகன், அவனைக் கட்டிவச்சு அடிக்க முடியாது. பிடுங்கிட்டுப் போ."

"நடறதைவிடப் பிடுங்கறதுதாங்க கஷ்டம்," என்றான் மேஸ்திரி.

நடுவர் சிலோவிடம் வறட்சியாகச் சொன்னார்: "வெளியே இருந்து வந்து கொன்னது தெரிஞ்சதால வீட்டாள் மேல குத்தமில்ல. திறந்துவிடச் சொல்லுங்க. உயில் செல்லாது. கொன்னவன் கையில சொத்து போகக் கூடாது. எல்லாம் பேரரசர் கருவூலத்துக்குப் போகும். வீடு, கப்பல், ஆளுங்க, எல்லாம்." பிறகு லெபோஸைப் பார்க்காமலே, "இனிமே என் வாசப்படியில படுக்காதே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரக்கறைப் பூட்டை லெபோஸே திறந்தான். கதவை முழுவதும் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றான்.

யாரும் வெளியே வரவில்லை.

உள்ளே ஜாடிகளுக்கு நடுவே அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து மரம் அறைந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். சத்தம் நின்றதையும் கேட்டவர்கள். கதவு திறந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும்.

"முடிஞ்சுதுப்பா," என்றான் லெபோஸ். "வாங்க. ஒண்ணும் இல்ல. முடிஞ்சுது."

சமையற்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். தண்ணீர் சுமக்கிறவனைக் கூப்பிட்டான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள், அசையவில்லை. ஒரு பெண் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

தல்லூசாதான் எழுந்து கதவு வரை வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தாள். கம்பங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன.

"யாரு பண்ணினது?"

"தம்பி மகன்."

அவள் தலையை ஆட்டினாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "இனிமே நாங்க யாரோட ஆளு?"

லெபோஸ் ஒரு கேலியைத் தேடினான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டான்.

"பேரரசரோட ஆளு. கருவூலத்துக்காரங்க வந்து எழுதிக்கிட்டுப் போவாங்க. எங்க அனுப்புவாங்கன்னு தெரியாதுக்கா. நான் கேட்டுப் பாக்கறேன். தினம் வந்து..."

"அதை விடு. அடிப்பாங்களா?"

"இன்னைக்கு இல்ல."

அவள் அதை ஒரு நிமிடம் மனசுக்குள் எடை போட்டாள். பிறகு உள்ளே திரும்பினாள்.

"இன்னைக்கு இல்லையாம்," என்றாள் மற்றவர்களிடம். "எந்திரிங்க."